கப்பலேறிய ஆடு

எரிமலையை நம்பிப் பிழைப்பு நடத்துகிறவனுக்கு முதலில் வற்றிப்போவது வெட்கம். செப்டம்பர் கடைசியில் ரெய்க்யாவிக்கிலிருந்து கப்பல் கிளம்பிய அன்று மாலை, நூற்றுச் சொச்சம் பயணிகளை உட்காரவைத்து, படம் போட்டுக் காட்டி, தெற்கே இருக்கும் எரிமலை கிறிஸ்துமஸ் வரை வாய் திறக்காது என்று விளக்கினேன். நிலவியல் படித்தவன் அல்லவா, விளக்காமல் இருக்க முடியாது. மறுநாள் காலை நாங்கள் மேற்குக் கரையோரமாக வடக்கே போய்க்கொண்டிருந்தபோது அது வெடித்தது. எல்லோரும் கப்பலேறுவதற்கு முந்தின ராத்திரி தங்கியிருந்த ஹோட்டலின் ஜன்னலிலிருந்தே தெரிந்ததாம். பயணிகள் அதைக் கைபேசியில் பார்த்தார்கள். பிறகு தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார்கள்.

"கப்பலைத் திருப்ப முடியாதா?" என்று சூரிச்சிலிருந்து வந்த ஓய்வுபெற்ற பல் டாக்டர் சும்ஸ்டைன் கேட்டார்.

முடியாது. துறைமுகங்கள், பேருந்துகள், பனியாறுகள் எல்லாம் முன்பதிவு செய்தாகிவிட்டது. தீவைச் சுற்றி முடித்து வரும்போது பார்க்கலாம், அதுவரைக்கும் எரியும் என்றேன். "எரியும்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார். நியாயமான கேள்வி. நான் காபி எடுக்கப் போய்விட்டேன்.

கப்பலில் என் பதவி பயணத் தலைவர். எந்தக் கரையில் இறங்குவது, எந்தப் பனியாற்றைக் காட்டுவது, யார் வழுக்கி விழுந்தால் யார் தூக்குவது எல்லாம் என் பொறுப்பு. இதற்கு முந்தின இரண்டு பயணங்களிலும் மூடுபனி. திமிங்கிலம் இருக்கிறது என்று நான் சொல்லுவேன், பயணிகள் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு நிற்பார்கள். அவர்கள் கொடுத்த மதிப்பெண்களைப் பார்த்த கம்பெனி, ஹாம்பர்க் அலுவலகத்திலிருந்து கெசீனா என்ற அம்மாளை இந்தப் பயணத்தில் கூடவே அனுப்பிவைத்தது. முதல் நாளே அவள் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டாள்: இந்தத் தடவையும் மதிப்பெண் குறைந்தால் அடுத்த கோடையில் என் இடத்துக்கு ஒரு நார்வேக்காரன். அவன் கிட்டார் கூட வாசிப்பானாம்.

எனக்கு வயது ஐம்பத்தாறு. இந்த வேலையைத் தவிர வேறு எதையும் நான் உருப்படியாகச் செய்ததில்லை. இதையும் உருப்படியாகச் செய்கிறேனா என்பதுதான் இப்போது விசாரணையில் இருந்தது.

"மிஸ்டர் அட்லாசன், நீங்க கொஞ்சம் சிரிச்ச முகமா இருக்கலாமே" என்பாள் கெசீனா.

"என் பேர் ஐவிந்தூர். அட்லி எங்க அப்பா பேர். மிஸ்டர் அட்லாசன்னு கூப்பிட்டா, அவர் பின்னாடி வந்து நிக்கறாரோன்னு திரும்பிப் பாக்கத் தோணுது."

"சரி, மிஸ்டர் அட்லாசன்."

நாலாம் நாள் கால்ட்விக் என்ற ஆளில்லாத விரிகுடாவில் நங்கூரம் போட்டோம். பனியாற்றின் நாக்கு ஒன்று அங்கே கடலுக்கு அருகில் வரை இறங்கிவந்து, சேறும் கல்லுமாகக் கரைந்துகொண்டிருக்கும். ஆச்சரியமாக மூடுபனி விலகி, ஐஸ் நீலமாகத் தெரிந்தது. பயணிகள் சிவப்பு ஜாக்கெட்டுகளோடு ரப்பர் படகுகளில் இறங்கினார்கள். இறங்குவதற்கு முன் அத்தனை பேரையும் பூட்ஸ் கழுவவைத்து, பாக்கெட்டுகளை உதறவைத்து, ஒரு விதைகூட இந்த மண்ணுக்குள் வரக் கூடாது என்று நானே நின்று மிரட்டியிருந்தேன். இதை நீங்கள் ஞாபகம் வைத்துக்கொள்ளாமல் இருந்தால் எனக்கு நல்லது.

ஐஸைப் பற்றி நான் ஒரு நல்ல வாக்கியத்தின் நடுவில் இருந்தபோது சும்ஸ்டைன் கத்தினார்.

"பனிக்கரடி!"

எங்கள் வடமேற்கு மூலைக்கு எப்போதாவது கிரீன்லாந்திலிருந்து கரடி வந்துசேர்வது உண்டு. அதனால் சிரிக்க முடியாது. விதிப்படி விசில் ஊதி, எல்லோரையும் படகுக்குத் துரத்தினேன். எழுபது வயதுக்காரர்கள் கல்மேட்டில் ஓடினார்கள். ஓர் அம்மாள் தண்ணீரில் உட்கார்ந்தே விட்டாள். கெசீனா எதையோ குறித்துக்கொண்டாள். எல்லோரையும் ஏற்றி முடித்துத் தொலைநோக்கியை எடுத்துப் பார்த்தேன். பாறை விளிம்பில் நின்றுகொண்டிருந்த கரடி அசைபோட்டது.

"ஆடு" என்றான் ஸ்னைபியோர்ன்.

ஸ்னைபியோர்ன் படகோட்டி. கப்பலில் என்னைத் தவிர்த்து இருந்த ஒரே ஐஸ்லாந்துக்காரன். எனக்கு ஏதோ ஒரு வகையில் ஒன்றுவிட்ட சொந்தம். இங்கே எல்லோரும் அப்படித்தான், அதனால் யாரும் யாருக்கும் மரியாதை கொடுப்பதில்லை.

"பாத்துட்டேன்" என்றேன். "படகை எடு."

அவன் எடுக்கவில்லை. "மாட்டிக்கிட்டிருக்குய்யா."

மாட்டிக்கொண்டுதான் இருந்தது. மேலே ஏற முடியாமல், கீழே இறங்க முடியாமல், ஒரு விளிம்பில் இருந்த புல்லையெல்லாம் தின்று தீர்த்துவிட்டு நிற்கும் ஆட்டுக்கு எங்கள் மொழியில் தனியாக ஒரு சொல்லே உண்டு. அவ்வளவு ஆடுகள் அப்படி நின்றிருக்கின்றன. கோடை முழுக்க மலையில் மேயவிட்டு, செப்டம்பரில் ஊரே திரண்டு போய்க் கூட்டி வருவோம். அதில் தப்பிப்போன ஒன்று இது. மறுநாள் பனிப்புயல் என்று வானிலை அறிக்கை சொல்லியிருந்தது.

"வேண்டாம்டா" என்றேன். "கெசீனா பாத்துக்கிட்டிருக்கா."

"பாக்கட்டும். அஞ்சு நிமிஷம்."

"அதை எங்க வெச்சுக்கறது?"

"அதெல்லாம் சரியாயிடும்."

இந்த நாட்டில் எழுதப்படாத அரசியல் சட்டம் ஒன்று இருக்குமானால் அது இந்த ஒரு வாக்கியம்தான். கூரை இல்லாமல் வீடு கட்டி முடிக்கிறவனும் இதைத்தான் சொல்வான், எரிமலை அடிவாரத்தில் உருளைக்கிழங்கு நடுகிறவனும் இதைத்தான் சொல்வான். ஸ்னைபியோர்ன் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு பாறையில் ஏறிவிட்டான். இங்கே பிறந்தவனால் மாட்டிக்கொண்ட ஆட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போக முடியாது. அது நல்ல குணமா வியாதியா என்று எனக்குத் தெரியவில்லை. கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நான் கீழே நின்றேன் என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

அஞ்சு நிமிஷம் ஒன்றரை மணி நேரம் ஆனது. ஆடு கீழே வந்து என் நெஞ்சில் உதைத்தது. பயணிகள் படகுகளிலிருந்து கைதட்டினார்கள். நான் அதன் காதைப் பிடித்துப் பார்த்தேன். யாருடைய ஆடு என்பதற்குக் காதில் வெட்டு அடையாளம் இருக்கும். ஒவ்வொரு பண்ணைக்கும் ஒரு வெட்டு. இடது காது நுனி நறுக்கியிருந்தது, வலது காதின் பின்பக்கத்தில் ஒரு பிளவு.

நாடு முழுக்க லட்சக்கணக்கான ஆடுகள். எனக்கு வந்து வாய்த்தது ஹல்பேராவின் ஆடு. அந்தக் காது வெட்டுக்கு நான் பதினோரு வருஷம் புருஷனாக இருந்திருக்கிறேன்.

"யாருதுன்னு தெரியுதா?" என்றான் ஸ்னைபியோர்ன், பல்லைக் காட்டியபடி.

"வாயை மூடிக்கிட்டு வண்டியை எடு" என்றேன். படகு என்று சொல்லக்கூட வாய் வரவில்லை.

பூட்ஸ் கழுவும் அறையில் ஆட்டைக் கட்டினோம். ஒரு விதைகூட வரக் கூடாது என்று நான் மிரட்டிய அதே அறை. அது புழுக்கை போட்டுவிட்டு, யாருடையதோ கம்பளித் தொப்பியை மெல்லத் தொடங்கியது. சமையல்காரர் எட்டிப் பார்த்து, "எத்தனை பேருக்கு?" என்று கேட்டார். பயணிகள் அவரை விரட்டிவிட்டு ஆட்டுக்கு லாவா என்று பெயர் வைத்தார்கள். இந்தப் பயணத்தில் அவர்கள் பார்க்கப்போகும் ஒரே லாவா இதுதான் என்று சும்ஸ்டைன் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்த முகமாக இருந்தேன், கெசீனா கேட்டுக்கொண்டபடியே.

கப்பல் நங்கூரம் எடுத்து தீவின் வடக்கு முனையை நோக்கிக் கிளம்பிய பிறகுதான் எனக்குக் குப்பென்று வியர்த்தது.

கோடு.

ஆட்டு நோய் பரவாமல் இருக்க நாட்டை எங்கள் அரசாங்கம் வேலி போட்டுப் பிரித்து வைத்திருக்கிறது. வேலிக்கு இந்தப் பக்கத்து ஆடு அந்தப் பக்கம் போனால், திரும்பி வர முடியாது. அங்கேயும் இருக்க முடியாது. வெட்டிவிட வேண்டும், சட்டம். நிலத்தில் என்றால் வேலி கண்ணில் படும், குழந்தைக்குக்கூடத் தெரியும். கடலில் எவன் வேலி போட்டான்? ஆட்டைக் கயிறு கட்டி இறக்கி, காது பார்த்து, கப்பலேற்றி, காபியும் குடித்துவிட்டு, நாங்கள் இரண்டு பேரும் அதை நேராகக் கசாப்புக்கு ஓட்டிக்கொண்டு போய்க்கொண்டிருந்தோம். மறுநாள் காலை நாங்கள் நிற்கும் துறைமுகம் கோட்டுக்கு அந்தப் பக்கம்.

படிகளில் ஓடிப்போய்க் கேப்டனிடம் சொன்னேன். அவர் வரைபடத்தைப் பார்த்தார். முனையைத் தாண்டாமல் திரும்பி, ஹல்பேராவின் பண்ணை இருக்கும் குறுகிய விரிகுடாவுக்குள் போய்வர அரை நாள் ஆகும். அப்படிப் போனால் நாளைக்கு எரிமலைப் பாறைக்காட்டுக்குப் பேருந்தில் போகும் நிகழ்ச்சி அம்பேல்.

"லாவாவைப் பாக்க வந்தவங்களுக்கு அந்தப் பேருந்து ஒண்ணுதான் மிச்சம் இருந்தது" என்றாள் பக்கத்தில் நின்ற கெசீனா. "அதையும் ஒரு ஆட்டுக்காக விடப்போறீங்களா, மிஸ்டர் அட்லாசன்?"

"விடலைன்னா?"

"விடலைன்னா நிகழ்ச்சி நிகழ்ச்சிப்படி நடக்கும். உங்க வேலையைப் பத்தி நான் நல்லபடியா நாலு வார்த்தை சொல்ல முடியும்."

நான் கீழே போய் அந்த ஆட்டைப் பார்த்தேன். அது தொப்பியை முடித்துவிட்டு என்னைப் பார்த்தது. மஞ்சள் கண், நன்றி என்ற ஒன்று மருந்துக்கும் இல்லை. நாங்கள் அங்கே போகாமல் இருந்திருந்தால் அது தன் இஷ்டத்துக்குப் பட்டினி கிடந்து செத்திருக்கும், யாரும் என்னை ஒன்றும் கேட்டிருக்க முடியாது. இப்போது செத்தால் என்னால் செத்ததாகும். கருணை காட்டுவதில் இருக்கிற தொல்லையே இதுதான், பாதியில் இறக்கிவைக்க முடியாது.

ஒலிபெருக்கியை எடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். கோடு, சட்டம், எங்கள் மடத்தனம், பேருந்து போய்விட்டது என்பது. மன்னிப்பும் கேட்டேன். முணுமுணுப்பு எழுந்தது. இரண்டு பேர் பணம் திரும்பக் கிடைக்குமா என்று கேட்டார்கள். அப்புறம் கைபேசியில் ஒரு கோடு சிக்னல் வந்தபோது ஹல்பேராவை அழைத்தேன்.

"உன் ஆடு ஒண்ணு எங்கிட்ட இருக்கு."

"திருடிட்டியா?"

"கப்பல்ல இருக்கு."

"குடிச்சிருக்கியா?"

"கால்ட்விக்ல பாறையில மாட்டிக்கிட்டிருந்தது. உன் படகுத்துறைக்குக் கொண்டுவரேன். நீ வந்து வாங்கிக்கோ."

"பூட்ஸ் போட்டுக்கிட்டு வா. போன தடவை மாதிரி டவுன் செருப்போட வந்து சேத்துல நிக்காதே. ஆமா, எந்த ஆடு?"

அதோடு சிக்னல் போய்விட்டது.

ஹல்பேரா டிராக்டரோடு வந்து நின்றாள். பயணிகளில் பாதிப் பேர் சிவப்பு ஜாக்கெட்டுகளோடு கரையில் வட்டமாக நின்றார்கள். கெசீனா கைபேசியைத் தூக்கிப் படம் எடுத்தாள். ஸ்னைபியோர்ன் ஆட்டைத் தூக்கி இறக்கினான். ஹல்பேரா அதன் வாயைத் திறந்து பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"இந்தக் கிழட்டு முண்டமா? இதுக்காகவா ஒரு கப்பலைத் திருப்பின?"

"என்ன சொல்றாங்க?" என்றார் சும்ஸ்டைன்.

"மூணு வாரமா தேடிக்கிட்டிருந்தாங்களாம்" என்றேன்.

"பல்லே இல்ல பாரு. குளிர்காலத்துல வைக்கோலை மெல்ல முடியாது. இதை வியாழக்கிழமை கசாப்பு லாரில ஏத்தறதா இருந்தேன், அதுக்குள்ள ஓடிப்போச்சு. வருஷா வருஷம் ஓடும், மத்ததையும் சேத்துக் கூட்டிக்கிட்டு ஓடும். போகட்டும், லாரி அடுத்த வியாழக்கிழமையும் வரும்."

"இப்ப என்ன சொல்றாங்க?"

"ரொம்ப பாசமான ஆடாம். மத்த ஆடுங்களுக்கெல்லாம் இதுதான் தலைவியாம்."

தண்ணீரில் உட்கார்ந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கெசீனா முன்னால் வந்து, கிறிஸ்துமஸுக்கு லாவாவின் புதுப் படத்தைப் பயணிகள் எல்லோருக்கும் கம்பெனி அனுப்பிவைக்கும் என்று அறிவித்தாள். பலத்த கைதட்டல். கிறிஸ்துமஸ் சமயத்தில் லாவா எங்கள் ஊர் வழக்கப்படி புகைபோட்டு, உருளைக்கிழங்கோடும் வெள்ளைக் குழம்போடும் தட்டில் இருக்கும்.

ஹல்பேராவை டிராக்டருக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனேன்.

"இதை வெட்டாதே."

"ஏன், கட்டிக்கப் போறியா?"

"இவங்க இதைப் பாக்க ஒரு எரிமலையை விட்டுட்டு வந்திருக்காங்க. இது செத்துதுன்னு தெரிஞ்சா அடுத்த வருஷம் எனக்கு வேலை இல்ல."

"வேலை இல்லேன்னா நல்லதுதான். அந்தக் கப்பல்ல என்ன பண்ற? மலை எப்ப வெடிக்காதுன்னு சொல்ற, அது வெடிக்குது. ஸ்னைபியோர்ன் போன்ல சொன்னான், சிரிச்சு சிரிச்சுப் புரை ஏறிப்போச்சு."

"ஹல்பேரா."

அவள் கையுறையைக் கழற்றி மூக்கைத் துடைத்தாள். "பல்லில்லாத ஆட்டுக்கு ஊறவெச்ச தீனி கொடுக்கணும். தினமும். யார் பண்றது?"

"தீனி நான் வாங்கித் தரேன்."

"தீனி எங்கிட்டயே இருக்கு. ஆளு இல்ல. ஞாயித்துக்கிழமை ரெண்டாவது தேடல், மேல இன்னும் இருபது முப்பது ஆடு நிக்குது. போன தடவை ஏழு பேர்தான் வந்தாங்க. நீ வா."

"என்னால ஆடு ஓட்ட முடியாதுன்னு நீதானே சொன்ன? கோர்ட்லயே சொன்ன."

"முடியாதுதான். இடைவெளியில கல்லு மாதிரி நின்னாப் போதும். அதுக்கு நீ லாயக்கு."

"ஞாயித்துக்கிழமை நான் டெனெரிஃப் போறேன். டிக்கெட் வாங்கிட்டேன். வெயில், ஹல்பேரா. வருஷம் பூரா மழையில நின்னிருக்கேன்."

"சரி, அப்ப வியாழக்கிழமை லாரி."

கரையில் யாரோ ஆட்டோடு சேர்ந்து படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அது இன்னொரு தொப்பியைத் தின்றது. நான் தலையாட்டினேன். அவள் ஆட்டைத் தூக்கி டிராக்டரின் பின்பெட்டியில் போட்டுவிட்டு, விடைபெறும் வழக்கமெல்லாம் இல்லாதவள் என்பதால், கிளம்பிவிட்டாள்.

"கடைசியா என்ன சொன்னாங்க?" என்றார் சும்ஸ்டைன்.

"உங்க எல்லாரையும் அடுத்த வருஷமும் வரச் சொன்னாங்க."

மிச்சப் பயணத்தைச் சொல்லி என்ன ஆகப்போகிறது. கிழக்குக் கரை முழுக்க மழை. தெற்கே பெரிய பனிமலை மேகத்துக்குள் இருந்தது. அது இருக்கும் திசையைக் கை நீட்டிக் காட்டினேன், பயணிகள் அந்தத் திசையைப் படம் எடுத்துக்கொண்டார்கள். எரிமலை நாங்கள் வந்துசேர்வதற்கு முந்தின நாள் அணைந்துவிட்டது. எல்லோரும் கீழே இறங்கிப் போன பிறகு கெசீனா என் கையைக் குலுக்கி, மதிப்பெண்களைக் கூட்டிப் பார்த்துவிட்டுச் சொல்வதாகச் சொன்னாள். அவள் முகத்தில் இருந்து ஒன்றையும் படிக்க முடியவில்லை. நான் டிக்கெட்டை ரத்து செய்துவிட்டு வடக்கே கார் ஓட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை மலையில் இரண்டு சிற்றோடைகளுக்கு நடுவில், முழங்கால் வரை ஈரத்தில், கையை விரித்துக்கொண்டு நின்றேன். கீழே ஹல்பேரா இருந்தாள், மேலே அவளுடைய அண்ணன் மகனும் நாய்களும். பதினாலு ஆடுகள் கும்பலாக என்னை நோக்கி வரத் தொடங்கிய நேரத்தில் கைபேசி அடித்தது.

"மிஸ்டர் அட்லாசன், அற்புதம்!" என்றாள் கெசீனா. "இந்தக் கோடையிலேயே இதுதான் உச்ச மதிப்பெண். எல்லாரும் ஆட்டைப் பத்தித்தான் எழுதியிருக்காங்க. பனியாறுன்னு ஒருத்தர்கூட எழுதலை."

"அப்ப வேலை?"

"உங்களுக்குத்தான். ஒரே ஒரு விஷயம். அடுத்த வருஷ விளம்பரப் புத்தகத்துல 'ஆடு மீட்பு'ன்னு ஒரு நிகழ்ச்சி சேர்க்கறோம். ஒவ்வொரு பயணத்துலயும், நாலாம் நாள் காலையில."

"நாலாம் நாள் காலையில எந்த ஆடும் மாட்டிக்காதுங்க. ஜூன்ல புல்லு நல்லா இருக்கும். அதுங்களுக்கு எப்பத் தோணுதோ அப்பத்தான் போய் மாட்டிக்கும்."

"எரிமலையும் அப்படித்தானே? அதை நாங்க புத்தகத்துல போடலையா?"

"ஐவிந்தூர்!" என்று கீழேயிருந்து ஹல்பேரா கத்தினாள். "போனை உள்ள வை! இடது பக்கம்! உன் இடது பக்கம்யா!"

ஒரு நிமிஷம் எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கூடவே ஸ்னைபியோர்னும் நானும் வாரா வாரம் ஒரு அப்பாவி ஆட்டைப் பாறையில் ஏற்றிவிட்டு, அது கத்துவதைக் கேட்டுக்கொண்டே பயணிகள் வருவதற்காகக் காத்திருப்பது கண்ணில் தெரிந்தது.

"இங்க பாருங்க" என்றேன். "ஆட்டை நான் மாட்டிவிட மாட்டேன். மாட்டினதைப் பாத்தா ஏறிப் போய் எடுப்போம், பேருந்து போனாலும் சரி. மாட்டலைன்னா இல்ல. இதை அப்படியே புத்தகத்துல போடுங்க. இல்லேன்னா கிட்டார்க்காரனைக் கூப்பிட்டுக்கங்க."

சிக்னல் போய்விட்டதோ என்று கைபேசியைப் பார்த்தேன். போகவில்லை.

"மறுபடியும் ஒலிபெருக்கில மன்னிப்பெல்லாம் கேப்பீங்களா?" என்றாள் கடைசியில். "அதுவும் அவங்களுக்குப் பிடிச்சிருந்தது."

"அது தானா வந்துடும். தப்பு பண்ணாம எனக்கு ஒரு வாரம் போகாது."

"அப்ப ஜூன் முதல் வாரம் வந்துடுங்க, ஐவிந்தூர்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

நான் நிமிர்ந்தபோது பதினாலு ஆடுகளும் என் இடது பக்கமாகப் போய்க் குன்றின் உச்சியில் நின்று திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தன. ஹல்பேரா என்னை, என் படிப்பை, என்னைப் பெற்ற அட்லியை எல்லாம் வரிசையாகத் திட்டுவது பள்ளத்தாக்கு முழுக்கக் கேட்டது. கைபேசியைப் பாக்கெட்டில் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டு, மறுபடியும் மேலே ஏறத் தொடங்கினேன்.